இரவில் கோழியைக் கொண்டுபோவது எது? வளவில் கோழி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு வளவில் பதினைந்து இருபது ஊர்க்கோழி வைத்திருக்கிறேன். மாரி தொடங்கினால் யாராவது ஒருவர் படலையடியில் வந்து நின்று, "அண்ணை, ராத்திரி நாலு கோழி போயிட்டுது, உந்தக் கீரிதான்" என்று தொடங்குவார். அப்படி வந்தவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் இறைச்சிக்கோழி வளர்க்கிற பண்ணைக்காரருக்கு இது அவ்வளவு உதவாது. பகலில் வளவில் மேயவிட்டு இரவில் கூட்டில் அடைக்கிறவர்களுக்காக எழுதியது.

விடியக் கூட்டைத் திறந்தால் கோழி செத்துக் கிடக்கிறது. கீரிதானே?

பெரும்பாலும் இல்லை. கீரி பகலில் திரிகிற விலங்கு. காலை பத்து மணிக்கு வேலிக்கரையில் குஞ்சைத் தூக்கினால் கீரியைச் சந்தேகிக்கலாம். இரவு பதினொரு மணிக்குக் கூட்டுக்குள் நடந்த கொலைக்கு அதைக் குற்றம் சொல்வது வீண்பழி. எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற விலங்கு கீரி மட்டும்தான் என்பதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. இரவில் வருகிறவற்றை நாங்கள் காண்பதே இல்லை. மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை, வீட்டுக் கடுவன் பூனை, கட்டாக்காலி நாய், பாம்பு, எலி என்று அந்தப் பட்டியல் நீளம். நரி ஊளை கேட்கிற ஊராக இருந்தால் நரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எது வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூட்டைக் கூட்டித் துப்பரவாக்க முதல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கோபத்தில் எல்லாவற்றையும் அள்ளி எறிந்துவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன சொல்ல?

கோழியே இல்லை, வேலிப் பொட்டு வரைக்கும் இறகு சிந்தியிருக்கிறது என்றால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய உடம்புள்ள ஒன்று வந்திருக்கிறது. நாய், நரி, காட்டுப்பூனை என்று யோசிக்கலாம். நாலைந்து கோழி கடிபட்டுச் செத்து, ஒன்றுகூடத் தின்னப்படாமல் கிடந்தால் முதலில் நாயை நினையுங்கள். நாய் பசிக்காகக் கொல்வதைவிட, கோழி படபடக்கும் வரைக்கும் துரத்திக் கடிப்பதுதான் அதிகம். கூட்டின் பலகை பிய்ந்தோ கதவு வளைந்தோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கழுத்திலும் தொண்டையிலும் கடி, தலைப்பக்கமும் நெஞ்சும் தின்னப்பட்டிருக்கிறது, கூட்டின் மேற்பக்கத்தில் ஓர் இடைவெளி. இது மரநாயின் வேலையாக இருக்கலாம். வலைக்கு வெளியே தலை இழுக்கப்பட்டு, உடம்பு உள்ளே கிடந்தால் வந்தது உள்ளே நுழையவே இல்லை. வலையோடு ஒட்டிப் படுத்திருந்த கோழியை வெளியில் நின்று பிடித்திருக்கிறது. வலையின் கண் பெரிது என்பதற்கு அதுவே சாட்சி.

முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு, ஏனென்றால் அது முழுதாக விழுங்கும். ஓடு நொறுங்கிக் கிடந்தால் கீரியோ எலியோ காகமோ. குஞ்சுகள் ஒவ்வொரு இரவும் ஒன்றிரண்டாகச் சத்தமில்லாமல் குறைந்தால் பாம்பையும் எலியையும் பூனையையும் தேடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லையா? மாலையில் கூட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவிவிடுங்கள். விடிய அடையாளம் இருக்கும். நாய்க்கு நாலு விரலும் நகக்குறியும் விழும். பூனைக்கு நாலு விரல், நகம் பதியாது. மரநாய்க்கு ஐந்து விரல். மழை நாளில் இந்த வித்தை சரிவராது. அப்போது ஈரமண்ணே தடத்தைக் காட்டும்.

மரநாய் என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது?

மேலேயிருந்து. எங்கள் ஆட்கள் கூடு கட்டும்போது மறக்கிற திசை அதுதான். சுற்றிவரக் கம்பிவலை அடித்து, கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டு, மேலே கிடுகு போட்டு மூடிவிடுவார்கள். கிடுகு மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு. மரநாய்க்கு அது ஒரு தடையே இல்லை, கையால் விலக்கிக்கொண்டு இறங்கும்.

இது பனையேறி விலங்கு. பனையில் முட்டி கட்டிக் கள்ளு இறக்குகிற ஊர்களில் முட்டிக்குள் வாயை விடுகிறது என்று சீவல் தொழிலாளர் திட்டுவார்கள். இங்கிலீசுக்காரரும் இதற்குக் கள்ளுப்பூனை என்றே பெயர் வைத்தார்கள். பழம் என்றால் உயிர். பனம்பழம், வாழைப்பழம், பப்பாசி எதையும் விடாது. பகலில் வீட்டுச் சீலிங்கிலோ ஓலைக் கொட்டிலின் முகட்டிலோ தூங்கும். மதில்மேல் கொட்டைகளோடு எச்சம் கிடந்தால் அது உங்கள் வளவு வழியாகத்தான் போய்வருகிறது.

ஆகவே கூட்டின் மேற்பக்கத்தையும் கம்பிவலையால் மூடி, அதற்கு மேல் கிடுகோ தகரமோ போடுங்கள். நெளிதகரம் என்றால் அதன் மடிப்புகளுக்குக் கீழே, சட்டத்தோடு சேருகிற இடத்தில், அலை அலையாக இடைவெளி இருக்கும். அதையும் வலைத்துண்டால் அடையுங்கள். கூட்டுக்கு மேலே தொங்குகிற மாமரக் கொப்பு, முருங்கைக் கொப்பு எல்லாவற்றையும் வெட்டுங்கள். பழுத்த பப்பாசியை மரத்தில் விட்டு வைத்துக்கொண்டு மரநாயைத் திட்டுவதில் பயனில்லை.

எங்கள் கோழிகள் கூட்டுக்குள் வராமல் மாதுளையில் ஏறிப் படுக்கின்றன. மரத்தில் பாதுகாப்புத்தானே?

நாய்க்கும் நரிக்கும் பாதுகாப்பு. மரநாய்க்கு அது சாப்பாட்டு மேசை. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. மாலைக்கண் உள்ளவரைக் கோழிக்கண் என்று பகிடி பண்ணுவது சும்மா இல்லை. கொப்பில் ஒரு முறை படுத்துவிட்டால் பக்கத்தில் எது வந்தாலும் அசையாமல் இருக்கும்.

பழக்கத்தை மாற்ற ஒரு கிழமை போதும். கோழிகளை ஏழு நாள் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீனும் தண்ணீரும் கொடுங்கள். எட்டாம் நாள் பின்னேரம் நாலரை மணிக்குத் திறந்துவிடுங்கள். தூரம் போக நேரம் இருக்காது, இருட்டத் தொடங்கியதும் தானாகத் திரும்பும். அதன் பிறகு பின்னேரத் தீனை எப்போதும் கூட்டுக்குள்ளேயே போடுங்கள். உள்ளே படுக்கிற தடி மரக்கொப்பைப் போல உயரமாக இருந்தால்தான் கோழிக்குப் பிடிக்கும். நிலத்தோடு ஒட்டிய கூட்டில் தடி இல்லாவிட்டால், நான் கோழியாக இருந்தாலும் மாதுளைக்குத்தான் போவேன். ஒரு கோழிக்கு எட்டு அங்குலத் தடி கணக்கு. தடியை வலையிலிருந்து ஓரடி தள்ளிப் பொருத்துங்கள்.

முரண்டு பிடிக்கிற ஒன்றிரண்டு இருக்கும். இருட்டிய பிறகு ரோச் வெளிச்சத்தில் கையால் தூக்கி உள்ளே வையுங்கள். மூன்று நாலு இரவில் வழிக்கு வரும்.

கூட்டை எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும்?

மணி பார்க்காதீர்கள், கோழியைப் பாருங்கள். கடைசிக் கோழி உள்ளே ஏறியதும் பூட்டுங்கள். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும், ஆடியில் ஆறரை தாண்டும். இந்த இடைவெளியில்தான் நிறையப்பேர் கோழி இழக்கிறார்கள்.

நானும் இழந்தேன். நல்லூர்த் திருவிழா நாள், குடும்பமாகக் கோயிலுக்குப் போனோம். "ஏழு மணிக்கு வந்து பூட்டலாம்" என்று கதவைத் திறந்தபடி விட்டேன். சாமி உள்வீதி வந்து, வெளிவீதி சுற்றி, பிறகு கச்சான் வாங்கி, தெரிந்தவர்களோடு கதைத்து வீட்டுக்கு வரும்போது ஒன்பதரை. ஏழு பேடுகள் செத்துக் கிடந்தன, சேவலைக் காணவில்லை. கூடு நல்ல கூடு. வலைக் கண் அரை அங்குலம், கூட்டின் கால்கள் சீமெந்து. அதை எல்லாம் கட்டிவிட்டுக் கதவைத் திறந்துவைத்தவன் நான்தான். திருவிழா இருபத்தைந்து நாள். மிச்ச நாட்களுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

உங்கள் வீட்டிலும் மாலையில் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று ஆள் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது எண்ணுங்கள். எண்ணாமல் பூட்டினால் அடைபடாத ஒன்று வெளியே நின்றிருக்கும், சில வேளை வேறொன்று உள்ளேயும் இருக்கும். சாரைப்பாம்பு முட்டைப்பெட்டிக்குள் சுருண்டிருக்கக் கண்டிருக்கிறேன்.

கடையில் கிடைக்கிற அறுகோணக் கோழிவலை போதுமா?

கோழியை உள்ளே வைத்திருக்கப் போதும். மற்றதை வெளியே வைத்திருக்கப் போதாது. அந்த வலை மெல்லிய கம்பியை முறுக்கிச் செய்தது. நாய் பாய்ந்தால் பிய்யும், சின்னப் பாம்பும் எலியும் கண்ணுக்குள்ளால் போகும். ஹாட்வெயார் கடையில் அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள ஒட்டுக்கம்பிவலை கேளுங்கள். முழுக் கூட்டுக்கும் வாங்கக் காசு பிடிக்கும் என்றால் நிலத்திலிருந்து மூன்றடி வரைக்கும் அதை அடித்து, மேலே ஓரங்குல ஒட்டுவலை போடலாம். ஆனால் குஞ்சு இருக்கிற கூட்டுக்கு முழுவதும் அரை அங்குலம்தான்.

வலையைச் சட்டத்தில் சின்ன ஆணியை வளைத்து அடித்து விடாதீர்கள். இழுத்தால் கழன்று வரும். வலையின் விளிம்பின்மேல் ஒரு சலாகைத் துண்டை நீளமாக வைத்து, அதன் ஊடாக ஆணி அடியுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக்குக் கம்பி கெதியாகத் துருப்பிடிக்கும். பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் இருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு தரமாவது வலையைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது வலை இல்லை, வெறும் நிறம்.

நைலோன் மீன்வலையைச் சுற்றுகிறவர்களும் உண்டு. எலி ஒரு இரவில் கடித்துவிடும். பாம்பு சிக்கிச் சாகும், அல்லது உயிரோடு சிக்கிக் காலையில் உங்கள் கையைத் தேடும்.

அடியால் தோண்டிக்கொண்டு வருகிறது. என்ன செய்ய?

வலையை ஓரடி ஆழம் புதையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மணற்காடு மாதிரி மணல் நிலத்தில் அது சுலபம். ஆனால் அங்கே தோண்டுவதும் நாய்க்குச் சுலபம், ஆகவே ஒன்றரை அடி போங்கள். வலிகாமத்தில் பல வளவுகளில் அரை அடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அலவாங்கு போட்டுக் கை நோக வேண்டாம். வலையைக் கூட்டின் அடியோடு பொருத்தி, வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு நிலத்தின்மேல் விரித்து, மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். தோண்ட வருகிறது சுவரோரம்தான் தொடங்கும், அங்கே வலை காலில் தட்டும். இரண்டடி பின்னுக்குப் போய்த் தோண்டத் தொடங்க வேண்டும் என்ற யோசனை அதற்கு வருவதில்லை.

எனக்குப் பிடித்தது காலுள்ள கூடு. மூன்றடி உயரத்தில், நாலுக்கு மூன்றடிப் பெட்டி எட்டு ஊர்க்கோழி படுக்கப் போதும். கால்களில் வழுவழுப்பான தகரத்தைக் குழல்போலச் சுற்றினால் எலியும் ஏறாது. மாரி வெள்ளம் வந்தாலும் கோழி நனையாது. வெள்ளத்தில் புற்றும் பொந்தும் நிரம்பி, எலியும் பாம்பும் உயரமான இடம் தேடி வருகிற காலம் அது. நிலத்தோடு இருக்கிற கூடு அப்போது அவற்றுக்கும் வீடாகிவிடும்.

மழைக்காலத்தில் கூட்டைத் தறப்பாளால் முழுக்கச் சுற்றி மூடலாமா?

காற்று வருகிற பக்கத்தை மட்டும் மூடுங்கள், மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். முழுக்க மூடினால் எச்சத்தின் ஆவியில் கண் எரிந்து, கோழி சளி பிடித்துச் சாகும். மரநாய் செய்யாததை நீங்கள் செய்வீர்கள்.

பாம்புக்கு என்ன பாதுகாப்பு?

பாம்பு கோழியைத் தேடி வருவதைவிட எலியைத் தேடி வருவது அதிகம். எலி தீனைத் தேடி வருகிறது. ஆகவே தீன் சட்டியை இரவில் வெளியே எடுத்து, மூடியுள்ள வாளியில் வையுங்கள். முட்டையை மாலைக்கு முன் எடுத்துவிடுங்கள். கூட்டடியில் விறகு, ஓலை, ஓட்டுக்குவியல் எதுவும் வேண்டாம்.

சாரை கோழிக்குஞ்சுக்கு எமன், மனிதருக்கு நஞ்சில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் நாகம், முத்திரைப் புடையன், சுருட்டை எல்லாம் உண்டு. இருட்டில் கூட்டுக்குள் கையை விட்டு முட்டை தடவுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ரோச் இல்லாமல், செருப்பில்லாமல் போக வேண்டாம். மண்ணெண்ணெய், உள்ளித் தண்ணீர் என்று ஊரில் சொல்வதை நம்பி ஓட்டையை அடைக்காமல் விடாதீர்கள்.

அடைகோழியையும் குஞ்சுகளையும் எங்கே வைப்பது?

வீட்டுக்குள். அடைகோழி இருபத்தொரு நாள், தீன் தண்ணீருக்குக் கொஞ்ச நேரம் தவிர, முட்டையை விட்டு எழும்பாது, எது வந்தாலும் இருந்த இடத்திலேயே சாகும். குசினி மூலையில் மண்போட்ட கடகத்தில் அடைவைத்தார்கள் எங்கள் அம்மம்மாக்கள். அது காரணத்தோடுதான். பொரித்த பிறகு தாயையும் குஞ்சுகளையும் கரப்புக் கூடையால் மூடிக் கல் வைப்பதும் நல்ல முறை. ஆனால் மண் நிலத்தில் மூடினால் அகழான் என்கிற பெரிய எலி கீழால் வந்து குஞ்சை இழுக்கும். சீமெந்துத் தரையில் மூடுங்கள்.

பக்கத்து வளவு பற்றையாகக் கிடக்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில்.

இது யாழ்ப்பாணத்துக்கே உரிய தலையிடி. இடம்பெயர்ந்து போனவர்களின் வளவுகள், பூட்டிய வீடுகள், கூரை விழுந்த சுவர்கள். காட்டுப்பூனைக்கும் மரநாய்க்கும் அவைதான் இருப்பிடம். பற்றையை வெட்டச் சொந்தக்காரர் காசு அனுப்பமாட்டார் என்றால், அவருடைய உறவினரைப் பிடித்து, குறைந்தது உங்கள் வேலியோரம் பத்தடி துப்பரவாக்க அனுமதி கேளுங்கள். கூட்டையும் அந்த வேலியை விட்டுத் தள்ளி, வீட்டுப் பக்கமாக மாற்றுங்கள். கதியால் வேலியின் பொட்டுகளை அடைத்தால் நாய் வருவது குறையும். மரநாய்க்கு வேலி ஒரு பாதை.

லைற் போட்டால் வராதா?

முதல் மூன்று நாலு இரவு வராது. பிறகு அந்த வெளிச்சத்திலேயே வரும். ஆள் நடமாட்டம் கண்டு எரிகிற சோலர் லைற் அதைவிடக் கொஞ்சம் பயன் தரும், அதையும் இடையிடையே இடம் மாற்ற வேண்டும். றேடியோவைப் பாடவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும், அயலட்டை நித்திரை கொள்ளவில்லை, மரநாய் வந்து போனது. வளர்ப்பு நாய் நல்ல காவல்தான். ஆனால் குட்டியிலிருந்தே கோழியோடு வளர்ந்த நாயாக இருக்க வேண்டும். கினிக்கோழி இரண்டு இருந்தால் புது ஆள் வந்தாலே கத்தி ஊரைக் கூட்டும். உங்களுக்கும் அது தாங்குமா என்று யோசித்து வாங்குங்கள்.

கனடாவிலிருந்து மச்சான் தானாகப் பூட்டுகிற கதவு அனுப்பியிருக்கிறார். பொருத்தலாமா?

பொருத்துங்கள். வெளிச்சம் பார்த்து மூடுகிற வகை என்றால் மாரி மப்பில் ஐந்து மணிக்கே மூடி, பாதிக் கோழியை வெளியே விட்டுவிடும். நேரம் வைக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. எதுவானாலும் எண்ணிக்கை பார்க்க ஆள் போகத்தான் வேண்டும்.

நஞ்சு வைத்தால், அல்லது வலைக்குக் கரண்ட் கொடுத்தால்?

இரண்டும் வேண்டாம். தோட்டத்து மருந்தைக் கோழிக்குடலில் கலந்து வைத்தால் அயலவரின் நாயும் காகமும் சாகும். மிச்ச நஞ்சு மண்ணில் இறங்கும். நாங்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். வீட்டு மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுத்து, விடிய அதை மறந்து தொட்டுச் செத்த மனிதர்கள் இந்த நாட்டில் உண்டு. சட்டமும் விடாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, அதைப் பார்ப்பது வனசீவராசிகள் திணைக்களம். பொறியில் உயிரோடு பிடித்து வேறு ஊரில் விடுவதும் தீர்வில்லை. இடம் வெறுமையாக இருந்தால் அடுத்தது வரும்.

துரத்தப்போய்க் கடி வாங்கிவிட்டேன். பெரிய காயமில்லை.

காயத்தின் அளவைப் பார்க்காதீர்கள். விசர்நோய் நாய்க்கு மட்டுமல்ல, பூனை, கீரி, மரநாய், நரி எதற்கும் வரும். உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒன்றும் அப்ப வேண்டாம். பகலில் தள்ளாடியபடி மனிதரைக் கண்டும் ஓடாத மரநாயையோ நரியையோ கண்டால் கிட்டப் போகவே கூடாது.

கடிபட்டுத் தப்பிய கோழி பிழைக்குமா?

பிழைக்கும், தனியாக வைத்தால். மற்றக் கோழிகள் இரத்தம் கண்டால் கொத்திக் கொன்றுவிடும். உப்புத் தண்ணீரால் கழுவி, இலையான் மொய்க்காத இடத்தில் வைத்து, ஆழமான கடி என்றால் உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். தப்பிய மற்றப் பேடுகளும் பயத்தில் ஒன்றிரண்டு கிழமை முட்டையிடாமல் இருக்கலாம். செத்ததைக் கறி வைக்காமல், கிணற்றுக்குத் தூரமாக மூன்றடி ஆழத்தில் புதையுங்கள். மேலோட்டமாகப் புதைத்தால் அன்றிரவே தோண்ட ஒன்று வரும்.

ஒருமுறை வந்தது திரும்பவும் வருமா?

வரும். அடுத்த இரவே வரலாம், நாலைந்து இரவு விடாமல் வந்து பார்க்கும். ஆகவே அன்று பகலிலேயே ஓட்டையை அடையுங்கள். ஆள் கிடைக்கவில்லை, வலை வாங்கக் காசில்லை என்றால் கூடு சரியாகும் வரைக்கும் கோழிகளை இரவில் வீட்டுப் பின்விறாந்தையில் கரப்பாலும் மரப்பெட்டியாலும் மூடி வையுங்கள். நாற்றம் இருக்கும். வீட்டுக்காரி ஏசுவார். நான் அந்த ஏழு பேடுகள் போன பிறகு மிஞ்சிய ஐந்தையும் ஒன்பது இரவு அப்படித்தான் வைத்திருந்தேன். மூன்றாம் இரவு சாம்பலில் ஐந்து விரல் தடம் கதவடி வரைக்கும் வந்து திரும்பியிருந்தது, ஆறாம் இரவும் வந்தது, அதற்குப் பிறகு காணவில்லை.